முகம் தெரியாமல் பல் செய்தவள்

மைசூரில் மகாராஜாக்களுக்கு அடுத்தபடியாக எண்ணெய் வண்ணப் படத்துக்கு அதிகமாக உட்கார்ந்த ஆள் நான்தான். நூறு தடவை உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இமை அசையவில்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமை. இமையும் அசைந்தது, வாயும் அசைந்தது. என் பேரப்பிள்ளைகள் நான் சொல்வதில் பாதியை வடிகட்டித்தான் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் அப்படியே செய்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என்னை உட்கார வைத்த ஜேனைப் பற்றி.

ஜேன் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருப்பவள். என்.ஆர். மொஹல்லாவில் வந்து யாரைக் கேட்டாலும் 'பல் லேப் ஜேனா?' என்று வீட்டைக் காட்டுவார்கள். நாற்பத்தாறு வயது. அவள் அப்பா தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ், லேபில் கன்னடம், சர்ச்சில் அன்றைக்கு எந்தப் பாட்டோ அந்த மொழி. புருஷன் கார்ல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நன்றாகச் சிரிக்க வைப்பான். ஜேன் சிரித்தால் ஒரு பக்க உதடு மட்டும் அசையும், அவ்வளவுதான்.

அவள் வேலை செய்யும் லேப் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடியில் இருக்கிறது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதிலிருந்து வெள்ளை மாவுத் தாடை ஒன்று வார்ப்பார்கள். கூடவே ஒரு சீட்டு வரும்: மேல் தாடை, கீழ் தாடை, நிறம் ஏ-மூன்று. பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஜேன் அதைப் பார்த்து மெழுகில் பல் அடுக்கி, நிறம் கொடுத்து, மெருகேற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவாள். அது யார் வாய்க்குப் போனது, எந்த முகத்தில் உட்கார்ந்தது என்று ஒன்றும் தெரியாது. இருபது வருஷம் இப்படி ஆயிரக்கணக்கான வாய்களைச் செய்தாள், ஒரு முகத்தையும் பார்க்காமல்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முழுப் பல் செட்டு கட்டினார்கள். முதல் வாரம் ஈறெல்லாம் எரிச்சல். கீழே இறங்கிப் போய் ஜேனிடம், "உங்க தொழில்ல எவனோ ஒருத்தன் எனக்குச் செஞ்சு கொடுத்ததைப் பாரு. இவனைக் கண்டுபிடிச்சுக் கொடு" என்று வாயைத் திறந்து காட்டினேன்.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வாயை மட்டுமா பார்த்தாள்? கண், மூக்கு, கன்னம் என்று எல்லாவற்றையும் பார்த்தாள். எனக்கே கூச்சமாகிவிட்டது.

"கண்டுபிடிச்சாச்சு, ஆன்ட்டி. நான்தான்" என்றாள்.

"நீயா?"

"என் கைப்பல்லு எனக்குத் தெரியாதா? இந்த முகத்துக்குன்னு தெரிஞ்சிருந்தா வேற மாதிரி வெச்சிருப்பேன்."

அடுத்த வாரமே தேவராஜ மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தை வாங்கி வந்தாள். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய டச்சுக்காரர்கள் வரைந்த முகங்கள். பக்கத்துக்கு ஒரு முகம். "முகம் எப்படி இருக்குன்னு முதல்ல படிக்கணும்" என்றாள். கற்றுத்தர ஆள் தேடவில்லை. அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பிரதி எடுப்பதைப் பார்த்தால் பல் கட்டுவது போலவே இருக்கும். படத்தின்மேல் கட்டம் போட்ட கண்ணாடித் தாளை வைப்பாள். அதே கட்டங்களைப் பெரிதாக கான்வாஸில் போட்டுக்கொள்வாள். முழு முகத்தையும் முதலில் காப்பிப்பொடி நிறம் ஒன்றிலேயே எழுப்பி, ஒரு வாரம் காயவிடுவாள். அப்புறம்தான் தோல் நிறம். நிழல் தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், வெளிச்சம் வெண்ணெய் மாதிரி தடிப்பாக இருக்க வேண்டும். பல் நிறம் ஒப்பிடுவதற்கு லேபில் ஒன்று வைத்திருப்பார்கள், சாவிக்கொத்து மாதிரி பதினாறு பல் தொங்கும். அதை எடுத்து வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு டச்சுக்காரர் சட்டைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "காலர் ஏ-இரண்டு, ஆன்ட்டி. நான் ஏ-ஒண்ணு போட்டுட்டேன்" என்பாள். ஆளி விதை எண்ணெய் வாசம் படியேறி வந்து என் ரசத்தில் கலந்துவிடும்.

முதல் படம் ஒரு கிழ வியாபாரி. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நெற்றி முழுக்க வலை பின்னினது போல் மயிரிழைக் கோடுகள், கறுப்புத் தொப்பியிலும் கோடுகள், பின்னால் இருந்த சுவரிலும் கோடுகள்.

"சுவருக்குமா சுருக்கம் விழுந்திருக்கு?" என்று கேட்டேன்.

ஜேன் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தாள். முந்நூறு வருஷத்தில் பெயின்ட் வெடித்த வெடிப்பு அது. பல்லில் விழுந்த விரிசலைக்கூட வரைந்து பழகிய கை, ஒன்றையும் விடாமல் பத்து நாள் உட்கார்ந்து அத்தனையையும் வரைந்திருந்தது. கார்ல் சொன்னான்: "பரவாயில்ல, இதுக்கு இனிமே வெடிப்பு வர்றதுக்கு இடமே இல்ல."

அரண்மனைக் காட்சிக்கூடத்தில் பழைய எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன என்று ஞாயிறு தவறாமல் போவாள். எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் ஏறியிருக்கிறது என்று பார்க்க அவ்வளவு பக்கத்தில் போய் நிற்பாள். காவலாளி "ஹிந்தே பன்னி, மேடம்" என்று பின்னால் வரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவளைக் கண்டாலே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வாராம்.

மூன்று வருஷத்தில் இருபத்தாறு முகம். கூடம், நடை, அரிசி டிரம் மேல் எல்லாம் டச்சுக்காரர்கள். "நல்லவேளை, சாப்பாட்டுக்கு யாரும் உட்கார மாட்டேங்கறாங்க" என்பான் கார்ல். நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "இத்தனை பேர்ல ஒருத்தர்கூடப் பல்லைக் காட்டலையே, ஏன்?"

"அந்தக் காலத்துல யாருக்கும் பல்லு சரியா இருந்திருக்காது. நான் அங்கே பொறந்திருந்தா லேபுக்கு வேலை குவிஞ்சிருக்கும்" என்றாள் ஜேன்.

ஜனவரி மாதத்தில் ஊரில் ஓவியம் பழகுகிறவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டப ஹாலில் காட்சி வைப்பார்கள். போன வருஷம் ஜேன் தன் பிரதிகளில் மிகச் சிறந்த இரண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மேசையில் இருந்தவர் நஞ்சுண்டசாமி, ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். நிறைய நேரம் பார்த்தாராம். "கை நல்ல கை, அம்மா. முகம் யாரோடது?" என்று கேட்டாராம். பிரதிப் படங்களை வாங்கிக்கொள்ள மாட்டோம், நேரில் பார்த்து வரைந்தது இருந்தால் கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வந்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் சொன்னது சரிதான், ஆன்ட்டி. லேபுல முகம் இல்லாத வாய். வீட்டுல எவரோ பார்த்து முடிச்ச முகம். நானா ஒருத்தர் முகத்தைப் பார்த்ததே இல்ல. அடுத்த ஜனவரிக்குள்ள ஒரே ஒரு முகம், உசிரோட இருக்கிற முகம் என் கையில வரணும். வரலேன்னா இதை மூடி வெச்சுடுவேன். பல்லு கட்டுறதே போதும்."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. யார் முகம் என்று நான் கேட்கவில்லை. அக்டோபர் வரைக்கும் அவள் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து சாப்பாடு ஆனதும் நானாகப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

டச்சுக்காரர் யாரும் வரைகிறபோது பேசியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. "சும்னே இருங்க, ஆன்ட்டி" என்று அரை மணிக்கு ஒருமுறை கெஞ்சுவாள். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு, கறுப்புச் சேலை கட்டி, இடப்பக்கத்து வெளிச்சத்தில் ஆறு ஞாயிறு இருந்தேன். படம் முடிந்தது. சுருக்கம் சுருக்கமாகவும், கண் கண்ணாகவும், எல்லாம் அதது இடத்தில் இருந்தது.

நஞ்சன்கூட்டிலிருந்து முதல் ரயிலில் மல்லிகைக் கூடையோடு வரும் ரங்கம்மா, இருபது வருஷமாகத் தினமும் என் முகத்தில் விழிக்கிறவள், அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள். "யாரும்மா இது? கான்வென்ட்ல இருந்த பழைய மதரா?"

 ரங்கம்மா போன பிறகு ஜேன் சின்னக் கரண்டிக் கத்தியை எடுத்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்து, என்னை வழித்துத் தினத்தாளில் போட்டாள். ஆறு வாரம் ஒரு உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

"வாயைத் திறந்துட்டு உட்காரட்டுமா?" என்றேன்.

"திறந்தா நான் வெச்ச பல்லுதான் தெரியும். அது உங்க முகம் இல்லையே, அதுவும் என் வேலைதானே."

ஏழாவது ஞாயிறு வேர்க்கடலை மிட்டாய் ஒன்று பல் செட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கைகழுவும் இடத்தில் கழட்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கார்ல் காலை ஷிப்ட் முடிந்து வந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெரியவரின் பல் செட்டைக் கழட்டிக் கிண்ணத்தில் போட்டு, அவர் மனைவியிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தானாம். அந்த அம்மா, "நீங்களே வெச்சுக்குங்க, தம்பி. வீட்டுல கொஞ்ச நாள் சத்தமில்லாம இருக்கட்டும்" என்றாளாம்.

நான் பல் செட்டு கையில் இருப்பதை மறந்துவிட்டுச் சிரித்தேன். பொக்கை வாய் திறந்து, கன்னம் உள்ளே போய், கண்ணில் தண்ணீர் வர. திரும்பினால் வாசலில் ஜேன்.

"அதை மாட்டாதீங்க" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கட்டம் போடவில்லை, காப்பிப்பொடி நிறமும் போடவில்லை. புத்தகம் எந்த மூலையில் கிடந்ததோ. ஈரத்தின்மேலேயே ஈரமாக, வெண்ணெய் வெண்ணெயாக அப்பினாள். நான் பேசலாம், சிரிக்கலாம், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று அனுமதி. ஐந்து ஞாயிறு. ஒரு நாள் பிரஷை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இருபத்துநாலு வருஷமா நான் மூடி மறைக்கிற இடம் இது. மறைக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, இந்த ஓரம்." என் உள்வாங்கிய மேல் உதட்டைத்தான் சொன்னாள். என் கல்யாணத்தன்றுகூட அதை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ரங்கம்மா வந்தாள். பூவை அளந்துகொண்டே திரும்பிப் பார்த்தவள் முழத்தை மறந்து நின்றாள். காலை ஆறு மணிக்கு, நான் பல் மாட்டுவதற்கு முன்னால், சேலைத் தலைப்பால் மறைத்தும் மறைக்காமலும் அவள் தினமும் பார்க்கிற முகம். "நம்ம அம்மா" என்றாள், யாரும் கேட்காமலே. ஜேனுக்கு ஒரு முழம் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். ஜேன் அதைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

படம் தேர்வானது. ஹம்பித் தேருக்கும் ஒரு கூடை மாம்பழத்துக்கும் நடுவில் மாட்டினார்கள். நஞ்சுண்டசாமி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். ஜேன் இப்போது ரங்கம்மாவை வரைகிறாள். அடுத்தது கார்ல், அவன் அசையாமல் இருந்தால்.

பொக்கை வாயோடு ஊரே பார்க்கும்படி ஹாலில் தொங்குவதற்கு நான் எப்படிச் சம்மதித்தேன் என்று கேட்பீர்கள். அதில் என்ன இருக்கிறது? படத்தைப் பார்த்த அந்த நிமிடமே, ஒரு கலைக்காக இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று, பெருந்தன்மையோடு உடனே, "கொண்டு போ" என்றேன்.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிறு அவர்கள் கூடத்தில் வாசித்துக் காட்டினேன். ஜேன் தலைகுனிந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கார்ல் தொண்டையைச் செருமினான்.

"ஆன்ட்டி, அந்த 'உடனே'வுல ஒன்பது நாள் விட்டுப்போச்சு. 'நான் போன பிறகு எங்கே வேணா மாட்டிக்கோ, அதுவரைக்கும் இது வெளியே போகக் கூடாது'ன்னு சொன்னீங்க. இவ படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டு, பிரஷ் எல்லாத்தையும் கழுவி டப்பாவுல போட்டு நூல் கட்டிட்டா. படம் கொடுக்கிறதுக்குக் கடைசி நாள், இவ லேபுல இருக்கிறப்போ, நீங்களே தெருமுனை உமேஷ் ஆட்டோவைக் கூப்பிட்டு ஈரப் படத்தை மடியில சாய்ச்சு வெச்சுட்டுப் போனீங்க. போய் இறங்கிப் பார்த்தா இடது கன்னம் முழுக்க உங்க சேலையில. நஞ்சுண்டசாமி சார் போன் பண்ணி, இவ மாவு ஒட்டின கையோட ஓடி வந்து, ஹால் வாசல்ல நின்னுட்டே அந்தக் கன்னத்தை மறுபடி போட்டா. நீங்க பல்லைக் கழட்டிக் கைக்குட்டையில வெச்சுட்டு, போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்க, முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க. வாயே திறக்காம."

"திறந்தாங்க" என்றாள் ஜேன், ஒரு சுளையை என் கையில் வைத்தபடி. "முக்கால் மணி நேரமும் பேசிட்டேதான் இருந்தாங்க. படத்துலேயே அந்தக் கன்னம்தான் நல்லா வந்திருக்கு."