திரையில் சக்கரம் சுற்றும் நேரத்தில் ஒரு கும்மி

கேரள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டி பஞ்சாயத்தில் யார் எந்த வருஷம் பிறந்தார், யாருடைய ஆதாரில் அப்பன் பேர் தப்பாக இருக்கிறது என்று கோமதியைக் கேட்டால் போதும், கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்துப் பதிமூன்று வருஷம் ஆகிறது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், எழுத்துக் கூட்டி மலையாளம் படித்து, இன்றைக்கு வில்லேஜ் ஆபீஸுக்குப் போகிற அபேட்சை மனுக்களை மலையாளிகளுக்கே நிரப்பிக் கொடுக்கிறாள். கெட்டிக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பதிமூன்று வருஷத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தே ஓட்டினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மதியச் சோறும் அதிலேயே. செராக்ஸ் மெஷின் நாலடி தூரத்தில் இருக்கிறது. அதற்கும் நாற்காலியைக் காலால் உந்தி உருட்டிக்கொண்டுதான் போவாள்.

அதன் பலன் போன வருஷம் தெரிந்தது. பக்கத்து ஊரில் வள்ளிகும்மி அரங்கேற்றம். இந்தச் சீமையில் இப்போது கும்மிப் பைத்தியம் பிடிக்காத வீடே கிடையாது. டீச்சரும் நர்ஸும் தையல்காரியும் ஒரே நிறத்தில் சேலை கட்டி, வட்டமாக நின்று, வாத்தியார் பாடப் பாடக் கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து மூன்று மணி நேரம் ஆடுவார்கள். கோமதியும் ஆசைப்பட்டுச் சேர்ந்தாள். வள்ளி தினைப்புனம் காக்கிற இடம் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆடிய இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவள் தடுக்கி அவள் மேல் விழ, அவள் மேல் இன்னொருத்தி விழ, வட்டமே கலைந்துபோனது. இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். அன்றைக்கு அவள் அழுத அழுகை புருஷன் மோகனசுந்தரத்துக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் சொந்த ஊரிலேயே கும்மி. தென்னந்தோப்புக் களத்தில் தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பழக்கம். வாத்தியார் கந்தப்பன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"அம்மிணிகளா, அரங்கேத்தத்துக்குப் பத்து நாள் முன்னால முழு ஒத்திகை ஒண்ணு இருக்குது. அதுல கடைசி வரைக்கும் நிக்கறவங்களுக்குத்தான் சேலை. நடுவுல உக்காந்தா அன்னைக்கு வெளிய நின்னு கை தட்டலாம். யாரையும் கொறை சொல்லலைங்க. வட்டம் ஒடஞ்சா பின்னால வர்றவங்க காலு ஒடையும்."

சொன்னது எல்லாருக்கும் பொதுவாகத்தான். பார்த்தது கோமதியை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன ஆனாலும் சரி, இந்தத் தடவை நின்று முடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

"ஏனுங்க, இந்த வருசம் நான் உக்காரவே மாட்டனுங்க" என்றாள் வீட்டில்.

"பதிமூணு வருசமா உக்கார்றதுதான புள்ள உன்ற தொழிலே!" என்று சிரித்தார் மோகனசுந்தரம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நாள் காலைக் காபியை அவரேதான் போட்டுக்கொண்டார்.

முதலில் ஷூ வாங்கி, விடிகாலையில் வாய்க்கால் ரோட்டில் நடக்கப் போனாள். நம்ம ஊரில் நடப்பது என்ன அவ்வளவு லேசான காரியமா? பால் ஊற்றப் போன சித்தப்பா வண்டியை நிறுத்தினார். "ஏங் கண்ணு, ஸ்கூட்டி கெட்டுப்போச்சா? ஏறு, ஊட்டுல உடறேன்." நடக்கத்தான் வந்தேன் என்று சொன்னால் மனுஷன் நம்ப வேண்டுமே! மறுத்தால் மனசு நோகும் என்று ஏறி உட்கார்ந்தாள். மறுநாள் பெரியம்மா மகன் காரை நிறுத்தினான். மூன்றாம் நாள் ஸ்கூல் பஸ்ஸே நின்றது. மூன்று நாளில் கோமதி நடந்தது மொத்தம் அரைக் கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் "கோமதி புருசனோட சண்டை போட்டுக்கிட்டு ஊட்ட உட்டுப் பொறப்பட்டுட்டாளாம்" என்ற பேச்சு பக்கத்து டவுன் சித்தூர் வரைக்கும் நடந்துவிட்டது. ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

போகட்டும், சாயங்காலப் பழக்கம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டாள். மூன்று வாரம் ஒழுங்காகப் போனாள். அப்போது வந்து சேர்ந்தது மஸ்டரிங். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினில் விரல் வைத்து, தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். கடைசித் தேதி நெருங்கியதும் மொத்தப் பஞ்சாயத்தும் கோமதி வாசலில் நின்றது. சென்டரைச் சாத்த எட்டு மணி, எட்டரை. களத்திலிருந்து பம்பைச் சத்தம் காற்றில் வரும். இவள் நாற்காலியில் உட்கார்ந்து விரல் வாங்கிக்கொண்டிருப்பாள். தொடர்ந்து பன்னிரண்டு நாள் பழக்கம் போச்சு. இடுப்பு பழையபடி முணுமுணுக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், இந்த வருஷமும் நம் தலையில் எழுதியது கைதட்டல்தான் என்று கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு மருதாத்தாள் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்துநாலு வயசு, காடு கரையில் உழைத்து ரேகை தேய்ந்த விரல். மெஷின் ஏற்கவில்லை. திரையில் அந்தச் சின்னச் சக்கரம் சுற்று சுற்றென்று சுற்றுகிறது. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த கோமதிக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. அட, ஒரு நாளைக்கு நூறு தடவை இது சுற்றுகிறது, நான் மட்டும் எதற்காகச் சிலையாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்? எழுந்தாள். கவுண்டருக்கும் செராக்ஸ் மெஷினுக்கும் நடுவே இருந்த நாலடி இடத்தில், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே, ஒரு திரும்பு.

"ஏங் கண்ணு, கால்ல எறும்பு ஏறிருச்சா?" என்றாள் மருதாத்தாள்.

மறைத்து என்ன பிரயோஜனம்? எல்லாவற்றையும் சொன்னாள், போன வருஷம் விழுந்தது உட்பட. "வீடியோ பாத்தோம், பாத்தோம்" என்றது காத்திருந்தவர்கள் பெஞ்சு முழுக்க, அதுவும் ஒரே குரலில்! கோமதிக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் மருதாத்தாள் விடுவதாக இல்லை. "அதுக்கென்ன இப்ப? அந்தச் சனியன் சுத்தற வரைக்கும் நீ ஆடு. நாங்க கை தட்றோம்" என்று தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு, முடியாதவர்கள் யாராவது உட்காருங்கள் என்று கொடுத்துவிட்டாள். இரண்டு சோடாப் பெட்டியை அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்து, நின்றபடியே வேலை பார்த்தாள். சக்கரம் சுற்றினால் கும்மி. ஓடிபி வர வேண்டுமா, கும்மி. பிரிண்டர் மக்கர் பண்ணினால் இரண்டு மடங்கு கும்மி. ஒரு தடவை ஆட்ட மும்முரத்தில் திரையைக் கவனிக்காமல் விட்டு, நேரம் கடந்து, எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. முறைப்படி வரிசையில் நின்றிருந்த ஒரு ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நாங்க என்ன, உசிரோட இருக்கறதக் காட்ட வந்தமா, கும்மி பாக்க வந்தமா?"

"கை தட்டுங்க சாமி, உசிரோட இருக்கறது தன்னால தெரியும்!" என்றாள் மருதாத்தாள். சென்டரே குலுங்கியது. அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார், என்ன செய்வார் பாவம்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு. அறுபது பெண்கள். கோமதி வட்டத்துக்குள் காலை வைத்ததும் கந்தப்பன் மைக்கைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, மூணு வாரமா ஆளயே காணமே. முடியுமா? வருத்தப்படாதே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"பாத்துட்டுச் சொல்லுங்க வாத்தியாருங்க" என்றாள் கோமதி. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பம்பை தட்டியது. வள்ளி பிறந்தாள், வளர்ந்தாள், தினைப்புனத்துக்குக் காவல் போனாள். களத்தோரம் நின்ற மோகனசுந்தரம் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நிமிஷமும் ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். போன வருஷம் இடுப்பு பிடித்த இடம் வந்தது. கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள், வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை. வலிக்கு வழி மறந்துவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம்! அப்புறம் வலியை நினைக்கவே நேரமில்லை. கிழவன் வேஷத்தில் முருகன் வந்தார், யானை வந்தது, பாட்டு வேகம் பிடித்தது. கல்யாணப் பாட்டில் வாத்தியார் பம்பைக்காரரை விரட்ட, பம்பைக்காரர் வாத்தியாரை விரட்ட, அறுபது பேர் கையும் ஒன்றாக விழுந்தது. கோமதிக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆறரைக்குப் பாட்டு நின்றது. "அம்மாடியோவ்" என்று அறுபது பேரும் களத்தில் சரிந்தார்கள். ஒருத்தி சொம்பைத் தேடினாள், ஒருத்தி காலை நீட்டி அமுக்கிக்கொண்டாள். அறுபது என்றா சொன்னேன்? ஐம்பத்தொன்பது. கோமதி இன்னும் நின்ற இடத்திலேயே நின்று மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாருங்க, இன்னொரு சுத்துப் போலாங்களா?"

கந்தப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"என்னைய உட்டுரு அம்மிணி, சாமி! என்ற காலு இத்துப்போச்சு" என்று சொல்லி, மைக்கோடு நட்டநடு வட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.