‘தாங்கள் யார்?’ என்று கேட்ட கம்ப்யூட்டர்

தானே எழுதிய ப்ரோக்ராமைத் தானே நம்பித் தொலைப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வருகிற வியாதி; கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் பின்பாதியில், திருச்சியில் வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலையில், எனக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது.

செருப்புக்கு அனுமதி இல்லை

ஏ.சி. அறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து கேபிள் இழுத்து ஸ்டோர்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆறு பிரிவுகளில் டெர்மினல்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுச் சரிபார்த்து உள்ளே விடுகிற ப்ரோக்ராம் நான் எழுதியது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அறை வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று போர்டு வேறு. மணப்பாறைக்கார ஃபிட்டர் ஒருவர் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரிங்க, தீபாராதனை எத்தனை மணிக்கு?”

மரியாதை

திரை மொட்டையாக ‘நேம்?’ என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அதை ‘தாங்கள் யார்?’ என்று மாற்றினேன். தமிழ் எழுத்துக்கு அப்போது எங்கே போவது? இங்கிலீஷ் எழுத்திலேயேதான்.

முதலில் பார்த்தது ஆரோக்கியமேரி. வால்வில் தண்ணீரை அழுத்தி ஏற்றி, ஒழுகவில்லை என்றால் முத்திரை குத்தி, கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற இன்ஸ்பெக்‌ஷன் பெண். விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம மேனேஜர்கூட என்னை இவ்ளோ மரியாதையா கேட்டதில்ல சார்!”

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது

அதே வாரம் வந்தது வினை. பன்னிரண்டு வால்வுகளுக்கு ‘சோதித்தாயிற்று’ என்று மேரி பெயரில் பதிவாகியிருந்தது. லாரியில் ஏற்றும்போதுதான் ஒன்றிலும் முத்திரை இல்லாததைப் பார்த்தார்கள். அது அப்படியே போய் ஏதாவது பாய்லரில் உட்கார்ந்திருந்தால்?

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேரியின் பாஸ்வேர்ட் இல்லாமல் வேறு யாராவது அவர் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்றார். “முடியவே முடியாது சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்றேன், கொஞ்சமும் கூசாமல். மேரிக்கு மெமோ போனது. மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை காலி. மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னா, அப்ப நான்தான் பொய் சொல்றேன்னு அர்த்தமா சார்?”

தெரிந்த மனுஷா

அந்தக் கேள்வி என்னைக் குடைந்து எடுத்துவிட்டது. பதிவு எந்த டெர்மினலிலிருந்து வந்தது என்று தேடினேன். முதல் நாளே தேடியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பார்த்தால், ஸ்டோர்ஸ்! மேரி அந்தப் பக்கமே போகிறவரில்லை.

ஸ்டோர்ஸில் உட்கார்பவர் சௌந்தரராஜன், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். பின்னால் போய் நின்றுகொண்டேன். திரை ‘தாங்கள் யார்?’ என்றது. இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் அவர் வீட்டு வழக்கப்படி வெறும் பெயரைச் சொல்லலாமா? ‘அடியேன் சௌந்தரராஜன்’ என்று பவ்யமாக அடித்தார். பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை! நேராக உள்ளே விட்டுவிட்டது. அதுவும் மேரியின் திரைக்குள்.

பெயருக்கு நான் ஒதுக்கியது பதினாறு எழுத்து. அதற்கு மேல் வந்தால் தடுக்க ஒன்றுமே எழுதவில்லை. ‘அடியேன்’ சேர்ந்ததும் மிச்சம் வழிந்து பாஸ்வேர்டுக்கான இடத்தில் போய் விழ, ப்ரோக்ராம் குழம்பிப்போய்ப் பட்டியலில் முதலில் இருந்த ஆரோக்கியமேரியாகவே அவரை எடுத்துக்கொண்டது. ஸ்டோர்ஸ் திரையில் மூன்றாம் எண் ‘சரக்கு வந்தது’. மேரியின் திரையில் அதே மூன்று ‘சோதித்தாயிற்று’. மனிதர் பழக்க தோஷத்தில் மூன்றைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“பாஸ்வேர்ட் கேக்கலைன்னு ஏன் சார் சொல்லலை?” என்று கத்திவிட்டேன். அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: “திங்கக்கிழமைலேர்ந்தே கேக்கறதில்லை ஸார். தெரிஞ்ச மனுஷான்னு விட்டுடறதாக்கும்னு நெனச்சேன்.”

ஒட்டு

ஐந்து வரி சேர்த்தேன்: பதினாறுக்கு மேல் போனால் வாங்காதே, பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே பொருந்தாவிட்டால் யாரையும் விடாதே. ஊரில் உள்ள நீளப் பெயர்களையெல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் நுழையவில்லை. அரை மணி நேர வேலை.

மேனேஜர் அறைக்குப் போகத்தான் கால் வரவில்லை. தப்பு என்னுடையது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மேரியின் மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்: “அதே மெமோதாம்மா. பேரை மட்டும் மாத்திடு.”

மேரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அழுவார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். வால்வைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: “அதெல்லாம் இருக்கட்டும் சார். மேனேஜர்கிட்ட முடியவே முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, ‘மேரி, நீங்களா போட்டீங்க?’ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

ஆக, ஒரு வார்த்தை கேட்காமல் ஆளை உள்ளே விட்டது என் ப்ரோக்ராம், ஒரு வார்த்தை கேட்காமல் ஆளை வெளியே அனுப்பப் பார்த்தது நான். ஒட்டுப் போட்டது என்னவோ ஒன்றுக்குத்தான்.