இரண்டு தேர்தல்களும் அப்பாவும்

ஜெர்மனியில் முதல்முறை ஓட்டுப் போட்ட கையோடு, மேசைக்குப் பின்னால் இருந்த தேர்தல் அலுவலர் அம்மாளிடம் இடது ஆள்காட்டி விரலை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்கிறதா?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டார். அந்த ஊரில் மை வைக்கும் வழக்கம் இல்லை. வரிசை இல்லை, போலீஸ் இல்லை, வாசலில் கட்சித் துண்டு போட்டுக்கொண்டு யாரும் கும்பிடவில்லை. ஒரு நாடே ஓட்டுப் போடுகிறது, பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஓட்டுக்காக அப்பாவின் பேச்சை இழந்திருந்தேன். என்னைப்போல் பாஸ்போர்ட் மாற்றியவர்களுக்குத் தெரியும்: அந்தக் குடியுரிமை வேண்டுமென்றால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தேர்தலன்று நைட் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேராக வாக்குச்சாவடிக்குப் போய் நிற்பார். யாருக்குப் போட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் பாஸ்போர்ட் மாற்றிய சேதி கேட்ட நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. "நீங்களும் வேலைக்காக விருதுநகரை விட்டு வந்தவர்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு வருடம் முடிவதற்குள் தமிழ்நாட்டிலும் தேர்தல் வந்தது. லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பா ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீடு. சாப்பிடும்போது எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டே, "அவனுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார் அம்மாவிடம். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். ஓட்டுப்பதிவு அன்று காலை, "சும்மா நிக்கவாவது அவனை வரச் சொல்லு" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் நின்றேன். அப்பாவோடு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த கம்மாபுரத்துக்காரர் ஒருவர் விடவில்லை.

"என்ன தம்பி, இங்க நின்னுகினு இருக்கீங்க? உள்ள போயி போட்டுட்டு வாங்க."

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அப்பாதான் பதில் சொன்னார்: "அவனுக்கு அந்த ஊர்லதாங்க ஓட்டு."

அதை அவர் வெளியாள் முன்னால் சொன்னது அதுவே முதல்முறை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியவர் என் பக்கம் திரும்பினார்.

"அங்க யாருக்குப் போட்ட?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். கேள்வி எனக்குத்தான். சந்தோஷத்தில் உளறிவிட்டேன்.

"நிலக்கரிச் சுரங்கத்தையெல்லாம் மூடிடுவோம்னு சொன்ன கட்சிக்குப்பா."

நான் படித்த படிப்பு, அந்த வீடு, தலைக்குமேல் ஓடிய ஃபேன் எல்லாமே நிலக்கரிதான். அப்பா நிமிர்ந்து அந்த ஃபேனைப் பார்த்தார்.

"நீ பாஸ்போர்ட்டை மாத்துனது நல்லதாப் போச்சு," என்றார். "இங்க உனக்கு ஓட்டு இல்ல."

அன்றிலிருந்து என்னோடு நன்றாகவே பேசுகிறார். நான் போட்ட ஓட்டைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இங்கே நான் போட முடியாத ஓட்டை நினைத்து, அப்பா அன்று மத்தியானம் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.