குச்சு வாசலில் கற்ற தையல்

எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது என் அக்காதான். ஆனால் சொல்லிக்கொடுத்த அத்தனை நாளும் அவள் என் விரலைத் தொடவே இல்லை. தொடக்கூடாது. அவள் பெரியவளாகிக் குச்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று, எனக்கு எட்டு.

அது மலாயாவில் ஜப்பான்காரன் காலம். புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டுவது நின்றுபோய், மரவள்ளி நடுகிற வேலைதான் நடந்தது. அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடையில் துணி என்ற பேச்சே கிடையாது. ஆண்கள் கோணிச் சாக்கைக் கத்தரித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். பெண்கள் இருக்கிற ஒரே புடவையைக் கிழிசல் தெரியாமல் மாற்றி மாற்றி மடித்துக் கட்டினார்கள். அக்கா உடுத்தியிருந்ததும் சாக்குதான்.

கூலி வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால் குச்சு கட்டிக் கொடுத்தது மாமா, அம்மாவின் தம்பி. தென்னங்கீற்று கிடைக்காமல் லாலாங் புல்லால் வேய்ந்த குச்சு. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் கொண்டுவரும் புதுத்துணியை உடுத்திக்கொண்டுதான் பெண் வெளியே வரவேண்டும். அம்மா இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. அரிசியே இல்லாத அந்தக் காலத்திலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மரவள்ளிக் கிழங்கையாவது அவித்து மாரியாத்தாளுக்குப் படைத்துவிட்டுத்தான் எங்கள் தட்டில் வைப்பாள்.

அக்கா குச்சுக்குள் போன ஆறாம் நாள், மாமாவின் பெண்சாதி, எங்கள் அத்தை, குளிர்காய்ச்சலில் போய்விட்டாள்.

அத்தைக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடி செமிலிங்கிலிருந்து வந்தது. சண்டைக்கு முன்னால் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த நாலு கெஜம் வெள்ளைத் துணி. சுமங்கலிக்கு வெள்ளையா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. லயத்துச் சனமெல்லாம் அத்தையின் முகத்தைவிட அந்தத் துணியைத்தான் அதிகம் பார்த்தது. என்னைச் சாம்பிராணித் தட்டு பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஊதிய வேகத்தில் ஒரு பொறி பறந்துபோய், கால்மாட்டில் கோடியின் ஓரத்தில் விழுந்து, மிளகளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று அந்த ஓரத்தை மடித்துவிட்டேன். மன்னிச்சிக்குங்க அத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொம்பளைகளும் பிள்ளைகளும் இடுகாட்டுக்குப் போவதில்லை.

சாவுத் தீட்டு ஒரு பக்கம், துணி கிடைக்காதது ஒரு பக்கம். அக்காவின் பதினாறு நாள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. பொழுது போகாமல்தான் அவள் எனக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் ஊசி ஒன்றே ஒன்று. நூலுக்கு அன்னாசி இலையைச் சுரண்டி எடுத்த நார். அக்கா சாக்குத் துண்டில் நாலு தையல் போட்டுக் காட்டி, ஊசியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவாள். நான் மஞ்சள் தண்ணீர் தெளித்து அதை எடுத்துக்கொள்வேன்.

"நாரை அவ்ளோ நீட்டா எடுக்காதடி. ஒவ்வொரு தடவையும் உன் கை மலாய்க்காரங்க கம்பத்துக்குப் போயிட்டு வரணும் லா. முழங்கை அளவு போதும்."

"இதென்ன, ஓட்டுத் தையலா? கோழி கிண்டுன மாதிரி இருக்கு. பிரிடி."

பிரிப்பேன். மறுபடி போடுவேன். ஓட்டுத் தையல் வந்ததும் கெட்டித் தையல். "முன்னால ஒரு எட்டு போ. பின்னால வந்து, விட்ட எடத்துலயே குத்து. அப்பத்தான் இழுத்தாலும் விடாது." அதன்பிறகு ஓரம் மடித்துத் தைப்பது. என் விரலில் ஊசி குத்தி ரத்தம் வந்தால் அவள் தன் விரலை வாயில் வைத்துக்கொள்வாள். என்னைத் தொட முடியாதே.

சாக்கு உரசி உரசி அவளுக்கு இடுப்பெல்லாம் சிரங்கு. மழை பெய்தால் புல்கூரை ஒழுகும். ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு உடம்பு தூக்கிப் போட்டது. அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்று அம்மா மாமாவிடம் கெஞ்சினாள். "எப்படியாச்சும் ஒரு துணிக்கு வழி பாருடா தம்பி. இந்தக் குச்சுல கெடந்தா புள்ள தாங்காது." மாமா எழுந்து போனார்.

இரண்டாம் நாள் துணி வந்தது. மஞ்சளில் முக்கிக் காயவைத்த நாலு கெஜம். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். "அடி ஆத்தி, புதுசு! ஏது தம்பி இது? யான் ஊர்ப் பக்கம் நெல்லுக்காரங்ககிட்ட மாத்துனியா?"

"ஆமா, யான்ல," என்றார் மாமா. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதில் ஒரு பாவாடையும், மீதியில் ஒரு தாவணியும் ஆகவேண்டும். அம்மா விடிந்தால் மரவள்ளிக் காட்டுக்குப் போகவேண்டும், இருட்டினால் விளக்குக்கு எண்ணெய் இல்லை. தண்ணீர் ஊற்றுகிறவரை சீர்த்துணியை அக்கா தொடக்கூடாது. ஆக, தைக்க வேண்டியவள் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குச்சு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். அக்கா உள்ளே இருந்து சொல்லச் சொல்ல, இரண்டு தலைப்பையும் கெட்டித் தையல் போட்டு இணைத்தேன். கயிறு கோக்க மேலே மடித்துத் தைத்தேன். கடைசியில் கீழ் ஓரத்துக்கு வந்தேன்.

ஓரத்தில் மிளகளவு ஓட்டை. சுற்றிலும் கரிந்த வளையம்.

துணியை முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசத்துக்கு அடியில் சாம்பிராணி இருந்தது. மண்ணுக்குள் இருக்கவேண்டிய துணி என் மடியில் கிடக்கிறது!

"ஏண்டி, பாம்பைப் பாத்தவ மாதிரி முழிக்கிற?"

"ஓட்டை இருக்கு."

"எலி கடிச்சிருக்கும். உள்ளாற மடிச்சுப் போட்டு தை. மாமாகிட்ட காட்டாத, மனசு நொந்து போவாரு." அக்கா சிரித்தாள். அந்தத் துணியை அவள் கண்ணாலேயே உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தொடவே மாட்டாள், குச்சைவிட்டு வரவும் மாட்டாள். சொல்லாவிட்டால் செத்தவள் துணியை உடுத்திக்கொள்வாள். ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு, மரவள்ளிக் காட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

அம்மா வரப்பில் குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்கச் சொன்னேன். "அம்மா, அது அத்தையோட கோடிம்மா! மாமா பொய் சொல்றாரு!"

அம்மா மண்கையால் என் வாயைப் பொத்தினாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள்.

வானம் இடிந்து விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. பெற்ற மகளைத் தொட்டால் தீட்டு என்று எட்ட நின்று சோறு தள்ளுகிற அம்மா. கோயில் திருநீறு கீழே சிந்தினால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அம்மா.

"குழியில எறக்குறப்பவே மாமா அதை எடுத்து வச்சிட்டான். முந்தாநாளுதான் எங்கிட்ட சொன்னான். நான் சரின்னேன். பாவம்னா அது எனக்கு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி அந்த ஓட்டையை மூடித் தை. அக்காகிட்ட மூச்சு விட்ட, தோலை உரிச்சிடுவேன்."

திரும்பிப் போய் மூடித் தைத்தேன். நார் மூன்று தடவை அறுந்தது. அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் அம்மாவின் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பேன், ஆத்தாளின் அம்மை முத்து போட்டிருக்கிறதா என்று. ஒன்றும் போடவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். குளிர்காய்ச்சல் அப்புறமும் இரண்டு தடவை வந்தது, ஆனால் அக்கா பிழைத்துக்கொண்டாள். பேரன் பேத்தி எடுத்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அந்தத் துணியைப் பற்றிக் கடைசிவரை அவளுக்குத் தெரியாது. ஆத்தாள் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அதற்கு நான் மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

மஞ்சள் பாவாடையும் தாவணியுமாக அக்கா வெளியே வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். மாமா சீர்த்தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன மாமா, என்னைப் பாக்க மாட்டீங்களா?" என்று அக்கா கேலி செய்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பாவாடையின் ஓரம்வரை பார்த்தார். பிறகு கூட்டத்தைவிட்டு விலகி, கிணற்றுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பல நாளாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. அவர் பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

"அத்தைக்குக் குளிராதா மாமா?"

மாமா என்னை வெறித்துப் பார்த்தார்.

"என் கல்யாண வேட்டி இருந்திச்சில்லம்மா... அதைப் போத்தி விட்டேன்."

அந்த வேட்டியை எனக்குத் தெரியும். பழசு, அங்கங்கே கிழிசல், ஆனாலும் நல்ல கனம். அப்போ சரி என்று எனக்கு நிம்மதியாகப் போயிற்று. படையல் கிழங்கு தீர்ந்துவிடப் போகிறதே என்று ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது மாமா வாயைப் பொத்திக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். சமாதானமாகப் பேசிவிட்டுத்தானே வந்தோம், இவர் ஏன் இன்னும் வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.