மறியலுக்கு முதல் நாள் மலையிறங்கிய ஜப்பான் நாற்காலி

கல்வராயன் மலைக்குப் பெரும்பாலோர் அருவி பார்க்கப் போகிறார்கள். நான் முதன்முதலில் போனது ஒரு நாற்காலிக்காக. இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னாற்காட்டுப் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த ஆண்டு அது. பழைய ஜப்பான் நாற்காலிகளைத் தேடிச் சேர்க்கும் நண்பர்கள், என் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் அந்த ஒன்று எப்படிக் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலைக்குப் போக நினைப்பவர்கள் வழி கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அப்போது சென்னையில் ஒரு மரச்சாமான் கடையில் வரைபடம் போடும் வேலை எனக்கு. முதலாளி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வாங்கிப் போடுவார். போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் செய்த நாற்காலிகளின் படங்களை அவற்றில் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் வைத்து அழுத்தி, இலை போல வளைத்திருப்பார்கள். அதில் தாழ்ந்த நாற்காலி என்று ஒரு வகை. அங்கே வீட்டில் பாயில் உட்காருவதுதான் வழக்கம். நாற்காலியில் இருப்பவரும் பாயில் இருப்பவரும் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று இருக்கையை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கால்கள் பாயைக் குத்திவிடாமல் இருக்க, அடியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைச் சட்டங்கள். எல்லாம் படத்தில் பார்த்ததுதான். தொட்டதில்லை.

என் மனைவி மங்கைக்குப் பிறந்த ஊர் மணலூர்பேட்டை. அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்குக் கச்சிராயபாளையத்தில் இருக்கும் அவளுடைய அக்கா தனலட்சுமி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அக்காவின் கணவர் மலைமேல் உரம் விற்கப் போய்வருபவர். ஒருமுறை சென்னைக்கு வந்தபோது என் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது கரியாலூர் பக்கத்துல ஒரு வூட்ல கீதே தம்பி. ஜப்பான்காரர் ஒருத்தர் சாமை ஆராய்ச்சிக்கு வந்து தங்கிக்கினு இருந்தாரு. போறப்ப வுட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எட்டாம் மாதம் மங்கையை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சென்னையிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி; காலையில் பஸ் ஏறினால் பிற்பகலில் இறங்கலாம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும்.

நாற்காலிக்குச் சொந்தக்காரர் பொன்னுசாமி, சாமையும் தினையும் விதைக்கும் மலைவாசி. அவருக்கு என்ன வேண்டுமென்று உரம் விற்கும் அண்ணன் முன்பே கேட்டு வைத்திருந்தார். அதன்படி கள்ளக்குறிச்சியில் இரண்டு இரும்பு மடக்கு நாற்காலிகள் வாங்கியிருந்தேன். மங்கையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் அவற்றை மலை பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு அவை தகரம்போல் இரைந்தன. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பொன்னுசாமி மடக்கு நாற்காலியை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அதுல ஒக்காந்தா எந்திரிக்க முடியலிங்க. மூட்டு புடிச்சிக்குது. அந்த மனுசன் எப்புடித்தான் அதுல ஒக்காந்துக்கினு இருந்தாரோ!"

உள்ளேயிருந்து தாழ்ந்த நாற்காலி வந்தது. புகை ஏறி நிறம் மங்கியிருந்தது. முதுகுப் பலகையின் வளைவில் கை வைத்தேன். ஓரத்தில் தகடுகள் வரிவரியாகத் தெரிந்தன. கவிழ்த்துப் பார்த்தால் இருக்கைக்கு அடியில் ஜப்பானிய எழுத்தில் செய்தவர்களின் சீட்டு, பாதி கிழிந்தது. ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அன்று மாலையே மலையிறங்கினேன். அக்கா வீட்டில் மங்கை அதில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, "இதுக்குத்தான் இத்தனை நாளா தூக்கத்துல பொலம்பினியா?" என்றாள்.

மறுநாள் காலையில் மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பஸ் இல்லை. அதே காலையில், இன்னும் நாள் இருக்கும்போதே, மங்கைக்கு வலியும் கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"புள்ள திரும்பல. எங்கையால ஆவாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கினு போயிடுங்க."

கள்ளக்குறிச்சிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். மாட்டு வண்டி மரங்களைத் தாண்டாது. கட்டிலோடு தூக்கிப் போகலாமென்று கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தோம். மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் தாங்கினாள். அவள் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில். அடிச் சட்டங்களைப் பார்த்தேன். இரண்டு மூங்கில்களை அவற்றோடு சேர்த்துத் தாம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நானும் அண்ணனும் பக்கத்து வீட்டார் இருவரும் தூக்கினோம். தனலட்சுமி அக்கா குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

வடக்கனந்தலைத் தாண்டியதும் முதல் மரம். கையில் கோடரியோடு பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்றவர் உரத்த குரலில், "யாருங்க? எங்க போறீங்க?" என்றார். பக்கத்தில் வந்து மங்கையைப் பார்த்ததும் கோடரியைக் கீழே போட்டார்.

"புள்ளத்தாச்சிடா! வாங்கடா, கை குடுங்க!"

அவர் பெயர் கலியபெருமாள். நாங்கள் நால்வரும் களைத்திருந்ததைப் பார்த்து, மூங்கிலைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவரோடு இன்னும் மூவர். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் நின்றவர்கள் வாங்கினார்கள். அடுத்த மரத்துக்குப் போவதற்குள் அவர் குரல் முன்னே போய்விட்டது. "வழி வுடுங்க! ஆஸ்பத்திரிக்கு!" ஒவ்வொரு தடையிலும் ஆட்கள் மாறினார்கள், கலியபெருமாள் மட்டும் மாறவில்லை.

வழியில் கேட்டார்: "இன்னா சார் நாற்காலி இது, காலக் காணோம்?"

"ஜப்பான் நாற்காலிங்க."

"ஜப்பான்ல இப்புடித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?"

அத்தனை வலியிலும் மங்கை சிரித்துவிட்டாள். "சிரிக்கிறா தங்கச்சி. ஒண்ணும் ஆவாது சார், நடங்க" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவர் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. நன்றி சொல்லக்கூட நிற்கவிடவில்லை. "உள்ள போங்க. நாங்க திரும்பணும்" என்று வந்த வழியே போய்விட்டார். மாலையில் பெண் குழந்தை பிறந்தது. கால்தான் முதலில் வந்ததாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இப்போது போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அருவிப் பக்கம் வேண்டாம். நாற்காலி தேடுபவர்களுக்கு: கவிழ்த்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். வளைவுகளில் தகடு பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழசு என்று வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள். என்னுடையதின் அடிச் சட்டத்தில் கயிறு அறுத்த தடங்கள் இருக்கின்றன. தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள். நான் தேய்க்கவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், கலியபெருமாள் வீட்டை விசாரித்துக்கொண்டு மூவரும் போனோம். அவர் இல்லை. மறியல் வழக்கில் கடலூர் ஜெயிலில் இருந்தார். அவர் மனைவி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

மங்கை பதற்றத்தில், "ஒங்க வூட்டுக்காரரு என்னத் தூக்கிக்கினு போனாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "இன்னாடி சொல்ற?"

நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"பாக்கப் போறப்பல்லாம் இதத்தான் கேக்கறாரு, அந்தப் பொண்ணு பொழச்சிதா, இன்னா புள்ளன்னு. எனக்கு இன்னா தெரியும், யாரக் கேப்பேன்?" குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "நாளைக்குத்தான் பாக்கப் போறேன். நானே சொல்லிடவா, இல்ல நீங்களே வந்து காட்டறீங்களா?"

அன்றிரவு அங்கேயே தங்கினோம். விடிந்ததும் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். குழந்தையை வழி முழுக்க அந்த அம்மாள்தான் மடியில் வைத்திருந்தார்.