மஞ்சள் உடைக்காரியை யாரும் பார்க்கவில்லை

முடிச்சூரில் ஜப்பான் பாஷை யாருக்குத் தெரியும்? ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம் இருந்தது. அப்பா ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்த தொழிற்சாலைக்கு அங்கிருந்து மெஷின் வந்தபோது, அது ஆடாமலிருக்க மரப்பெட்டிக்குள் திணித்த காகிதத்தோடு காகிதமாக வந்தது. எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினெட்டு.

ஐந்து நிற உடையில் ஐந்து வீரர்கள். ஒரு சுவரைக் கிழித்துக்கொண்டு வேறொரு உலகத்துக்குள் போகிறார்கள். அங்கேயும் அதே ஊர், அதே தெரு, அவர்களைப் போலவே ஒரு கூட்டம். ஆனால் நாலு பேர்தான். மஞ்சள் உடைக்காரி அந்த உலகத்தில் இல்லவே இல்லை. எதிரில் போய் நின்று கத்தினாலும் யார் கண்ணிலும் படமாட்டாள். படத்தைப் பார்த்து நாங்களாகக் கட்டிய கதைதான் இது. ஆபீஸ் வெள்ளை மையால் ஜப்பான் எழுத்தை அழித்துவிட்டு, அதன்மேல் தமிழில் வசனம் எழுதினோம். நாலு பேரும் அவளைத் தாண்டிப் பார்க்கும் பக்கம் வந்ததும் அக்கா பேனாவை வைத்துவிட்டாள்.

"இதுக்கு நான் எழுத மாட்டேன்டி. ஒருத்தன் கண்ணாவது அவ மேல நிக்குதா பாரு."

நான் சிரித்தேன். எனக்கு அப்போது எல்லாமே சிரிப்புத்தான்.

மறுவருடம் அக்கா, மீன் வியாபாரம் செய்யும் வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா கிணற்றடியில் தலையோடு மூன்று குடம் ஊற்றிக்கொண்டார். ஈரம் சொட்டச் சொட்ட வந்து சொன்னார்: "அவள தலமுழுகியாச்சு. இனிமே இந்த வூட்ல ஒரே பொண்ணுதான். இன்னா, புரிஞ்சுதா?"

அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. மூன்று தட்டு எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "ஒண்ணுதாம்மா" என்றாள். அம்மா பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகமில்லை. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம்: இத்தனை வருடம் எனக்கு ஜடை பின்னிவிட்டது யார்? சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. இத்தனைக்கும் அக்கா இருந்தது வண்டலூரில். தாம்பரத்திலிருந்து ரயிலில் இரண்டே ஸ்டேஷன்.

நாலு வருடம் கழித்து ஒரு பட்டப்பகலில் தாம்பரம் பிளாட்பாரத்தில் அப்பாவோடு நின்றிருந்தேன். பத்தடி தள்ளி அக்கா. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அச்சு அசல் அம்மாவின் மூக்கு. அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். அப்பா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைத் தாண்டி, வண்டி வருகிறதா என்று. முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாம்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் ஒரே ஒரு தடவை தலையசைத்தால் போதும், அவள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். பாவி, நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பயந்து என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"யாருக்கும்மா டாட்டா?" என்று குழந்தை கேட்டது.

அக்கா கையை இறக்கினாள். குழந்தையின் கவுனை இழுத்துவிட்டாள்.

"யாருக்கும் இல்ல கண்ணு. அங்க யாருமே இல்ல."