பஃப் கை ஜாக்கெட்டும் புத்தூர் கட்டும்

எங்கள் ஊருக்கு நைட்டி வந்ததும் என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனதும் ஒரே வருஷத்தில்தான். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக என் மாமியார் கடைசிவரை நம்பினார். அதுவரை நாகலாபுரம் பக்கத்துப் பெண்கள் புடவையோடுதான் மாடு கறந்தோம், புடவையோடுதான் வேர்க்கடலை பிடுங்கினோம். பிறகு புத்தூர் சந்தையில் பூப்போட்ட நைட்டி குவிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பெண்கள் எல்லோரும் தலையணை உறைக்குள் புகுந்துகொண்டார்கள். தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு இருந்தால் மானம் பத்திரம் என்று எல்லோருமாகச் சேர்ந்து ஒப்புக்கொண்டுவிட்டோம்.

எனக்கு நைட்டி பிடிக்கவில்லை. கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. அதில் தைப்பதற்கு எதுவுமே இல்லை, அவ்வளவுதான். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த தையல் மிஷின் என்னிடம் இருந்தது. அதில் ஊராருக்குப் பாவாடை தைத்துத் தர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லி, திமிர் பிடித்தவள் என்ற பெயரையும் வாங்கிவிட்டேன். நான் தைத்தது எனக்காக. அதுவும் கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் ஜாக்கெட்டுகளை.

டிவியில் பழைய படம் ஓடும்போது கதாநாயகி அழுதால் வீடே சேர்ந்து அழும். நான் மட்டும் அவளுடைய தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்து ஜாக்கெட்டின் கை தோளில் சுருக்கு வைத்துப் பூசணிக்காய் மாதிரி உப்பி நிற்கும். முழங்கைக்கு மேலே ஒரு பட்டியில் வந்து அடங்கும். பட்டியின் ஓரத்தில் லேஸ். அவளுக்குத் தாலி போனதா இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கையில் எத்தனை சுருக்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதே வீட்டில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தியும் இருந்தாள். அவளுக்குப் பைத்தியம் வேறு பக்கம். வயரில் கூடை பின்னுவாள், பாசிமணியில் கிளி செய்வாள். எங்கள் வீட்டில் மனிதர்களைவிடக் கிளிகள் அதிகம். மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவள் மணி கோப்பாள், நான் மிஷினில் உட்காருவேன். மாமியார் எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டும் சேர்ந்து ஒரு சர்க்கஸ் வச்சிக்கினா பொழைச்சிக்கும்" என்பார்.

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருப்பதியில் ஒரு சத்திரத்தில் ஏற்பாடு. என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. ஆனால் குவைத்து முதலாளி லீவு தரவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்தால் போதாதா, அண்ணன் எதற்கு என்று கேட்டானாம். வீடியோ எடுத்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புங்கள் என்று அவர் போனில் சொன்னார். சொல்லும்போது குரல் சரியாக இல்லை. வீடியோவில் அவர் கண்ணுக்கு நான் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

நகரி பவர்லூம் துணி, நல்ல வெள்ளை, மொடமொடப்பு. அதில் வெட்டினேன். ஆனால் கை உப்பி நிற்கவில்லை. நனைந்த கோழி மாதிரி தொங்கியது. வடித்த கஞ்சியில் முக்கி, உள்ளே வைக்கோல் அடைத்து, வைக்கோல் போரின் மேல் காய வைத்தேன். கன்றுக்குட்டி வந்து ஒரு கையின் கஞ்சி முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டது. ஒரு பக்கம் ராணி, ஒரு பக்கம் பிச்சைக்காரி.

"உள்ள எதனா வலை வச்சி தையேம்மே" என்றாள் ஓரகத்தி, கிளிக்கு மூக்கு வைத்துக்கொண்டே.

வீட்டில் இருந்த வலை மாமியாரின் கொசுவலைதான். ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் தெரியாது என்று நினைத்தேன். நாலு மடிப்பு வைத்துத் தைத்ததும் கை எழுந்து நின்றது பாருங்கள், இரும்பு போல. மாமியார் காலையில் காலைச் சொறிந்துகொண்டே எழுந்து வந்தார். "பட்டணத்துக் கொசு போல இருக்குது, வலையைக் கடிச்சிக்கினு உள்ள வருது" என்றார். நாங்கள் இருவரும் தீவிரமாக வேலை செய்தோம்.

கல்யாணத்தன்று அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. கையைக் கீழே இறக்க முடியாது. பறக்கத் தயாரான கொக்கு மாதிரி நிற்க வேண்டும். வேனில் என் பக்கத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. சத்திரத்தில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, தள்ளி நின்றுகொண்டார்.

"இன்னாம்மே, எப்படி இருக்குது?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"குத்துது. ஆனா நல்லா இருக்குது."

வீடியோக்காரருக்கும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். பந்தியில் ரசம் வந்தபோது வெள்ளைத் துணியை நினைத்து எனக்குப் பயம் வந்தது. கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. ஓரகத்தி தன் இலையிலிருந்து உருட்டி எனக்கு ஊட்டிவிட்டாள். அதையும் அவர் எடுத்தார்.

கேசட் ஊர்க்காரர் ஒருவர் கையோடு குவைத்துக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்துக்காரி வாசலில் வந்து நின்றாள். எங்கள் தெருமுனையில் அவள்தான் பூத் வைத்திருந்தாள். தெலுங்குக்காரி. எங்களோடு பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவாள். அண்ணி என்பதற்கு என்னை 'வதினா' என்பாள். "வதினா, ரண்டி, சீக்கிரம். மீ ஆயன போன். குரலே சரியில்ல."

வீட்டுக்காரர் போன் என்றதும் ஓடினேன்.

"எப்படி இருக்கற?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கறேன்."

"பொய் சொல்லாத. எனுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சி. ரெண்டு கையுமா?"

"இன்னா ரெண்டு கையும்?"

"ஒடிச்சிக்கினு கெடக்கற, எனுக்கு ஒரு வார்த்த சொல்லல. எங்க உழுந்த? கெணத்து மேட்டுலயா? புத்தூருக்கு யாரு இட்டுக்கினு போனாங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மூச்சு விடாமல் பேசினார். குவைத்தில் அவர் தங்கியிருந்த அறையில் எல்லோரும் கூடிக் கேசட் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் கங்காதர நெல்லூர்க்காரர் ஒருவர். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து, புத்தூர் வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர். திரையில் என்னைப் பார்த்ததுமே, "இது புத்தூர் கட்டுதான், முட்ட வெள்ளக்கரு பூசி, மூங்கில் வச்சி கட்டனா இப்படித்தான் உப்பிக்கினு நிக்கும்" என்று சொல்லிவிட்டார். கட்டு அசிங்கமாகத் தெரியாமல் இருக்க மேலே லேஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள் பாவம் என்றும் விளக்கினாராம். என் வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. பந்தியில் ஓரகத்தி எனக்கு ஊட்டிவிட்டதைப் பார்த்த பிறகு அவரும் நம்பிவிட்டாராம்.

"இப்ப ரிசீவர யாரு புடிச்சிக்கினு இருக்கறது?" என்றார்.

"நாந்தான்."

"எந்தக் கையால?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகிறேன் என்று நினைத்து அவர் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டார். ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். கை இல்லை, ஜாக்கெட்டின் கை. கட்டு இல்லை, கொசுவலை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"மொதலாளி லீவு குடுத்துட்டான்" என்றார் பிறகு. "டிக்கெட்டும் எடுத்துக் குடுத்துட்டான்."

"தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுக்கலயே."

"பொண்டாட்டிக்கு ரெண்டு கையும் போச்சின்னதும் அவனுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இப்ப இன்னா பண்றது? ஒடியலன்னு சொல்லிடட்டுமா?"

பூத்துக்காரி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தாள். அவர் போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பேப்பரை இறக்கி, என்னைப் பார்த்து வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். "வத்து, வதினா, வத்து" என்றாள் மெதுவாக.

அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். "சொல்லாதய்யா. வலி ஜாஸ்தியா இருக்குதுன்னு சொல்லு. தூக்கமே இல்லன்னு சொல்லு."

"பொய்யி இல்லயா அது?"

"தூக்கம் இல்லன்றது நெஜந்தான்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது என் கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரித்ததினால் என்று பூத்துக்காரியிடம் சொன்னேன். "அவுனு, அவுனு" என்றாள் அவள், ஆமாம் ஆமாம் என்று குழந்தைக்குச் சொல்வது போல.

அவர் மெட்ராஸில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வாசலில் பெட்டியை வைத்ததும் மாமியாரைக்கூடப் பார்க்காமல் நேராக வந்து என் இரண்டு முழங்கையையும் அமுக்கிப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கறுத்து, இளைத்து, கழுத்து எலும்பு தெரிய இருந்தார். நினைத்து வைத்திருந்த கிண்டலை விட்டுவிட்டு இலை போடப் போனேன்.

சாப்பிட்ட பிறகு, "அதப் போட்டுக் காட்டு" என்றார். போட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கையை ஒரு விரலால் அமுக்கினார். அது திரும்ப எழுந்து நின்றது.

"நேர்ல பாத்தா இன்னும் மோசமா இருக்குது" என்றார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

அந்த லீவு முழுக்க அவர் மிஷின் பக்கத்திலேயே கிடந்தார். கொட்டாங்கச்சியை உரசி உரசிப் பொத்தான் செய்யக் கற்றுக்கொண்டார். ஒன்று போல இன்னொன்று வரவே வராது. அந்தப் பொத்தான்களை வைத்து அவருக்கு ஒரு சட்டை தைத்தேன், பழைய படத்துக் கதாநாயகன் மாதிரி, காலர் இரண்டு பக்கமும் வெற்றிலை அளவுக்கு. தங்கையைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனவர் மலைக்கும் போய் மொட்டை போட்டுக்கொண்டு, அந்தக் காலரோடு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். நாத்தனார் கதவைத் திறந்துவிட்டு, "யாரு வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். சிரித்தாள் என்றும் சொன்னார். இரண்டும் நடந்திருக்கும்.

திரும்பிப் போனதும் பூத்துக்குப் போன் செய்தார். முதலாளி முதல் வேலையாக என் கையைத்தான் விசாரித்தானாம்.

"இன்னா சொன்ன?"

"வலது கை சரியாயிடுச்சின்னேன்."

"எடது?"

"அது அடுத்த வருஷத்துக்கு ஆவும்னு வுட்டு வச்சிருக்கறேன்."

அடுத்த வருஷமும் லீவு கிடைத்தது. வரும்போது, இடது கைக்குத் தேய்க்கச் சொல்லி முதலாளி ஒரு பாட்டில் தைலம் கொடுத்தனுப்பியிருந்தான். மாமியாரின் முட்டிக்கு அது நன்றாகவே கேட்டது.